இந்திய ஆண்கள் வாலிபால் அணியின் போட்டி வரலாற்றைத் தொகுத்துப் பொதுவில் வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவரும், உடன் கையெழுத்திட்டுள்ள வாலிபால் ஆட்டக்காரர்களும்

பெறுநர்:
உயர்திரு உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்,
சென்னை.

பொருள்: இந்திய ஆண்கள் வாலிபால் அணியின் 1952 முதலான சர்வதேசப் போட்டிப் பதிவுகளையும், அதில் ஆடிய தமிழக வீரர்களின் விவரங்களையும் தொகுத்து ஆவணமாக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய உறுப்பினர் செயலர் அவர்களுக்கு வணக்கம்.

இந்திய ஆண்கள் வாலிபால் அணி எந்த ஆண்டு எங்கே ஆடியது, யாரிடம் வென்றது, யாரிடம் தோற்றது, அந்த அணியில் யார் யார் இருந்தார்கள் என்பதை ஒரே இடத்தில், தமிழில், யாரும் பார்க்கும்படி வைக்க ஆணையம் ஏற்பாடு செய்ய வேண்டும். இதுதான் எங்கள் கோரிக்கை. ஒரு மாநில ஆணையத்திடம் இதை ஏன் கேட்கிறோம் என்று தங்களுக்குத் தோன்றலாம். இந்த வரலாற்றின் தொடக்கத்திலேயே நம் ஊர் இருக்கிறது என்பதுதான் காரணம்.

வாலிபாலுக்கென்று தனி அமைப்பு வருவதற்கு முன்பு, இந்திய ஒலிம்பிக் சங்கமே மாநிலங்களுக்கு இடையிலான போட்டியை நடத்தியது. முதல் போட்டி 1936-ல் லாகூரில் நடந்தது. 1951-ல் இந்திய வாலிபால் கூட்டமைப்பு உருவானது. அது நடத்திய முதல் தேசியப் போட்டி 1952-ல் இதே சென்னையில், அன்றைய மதராஸில் நடந்தது. அதே ஆண்டு நம் ஆண்கள் அணி மாஸ்கோவுக்குப் போய் உலக சாம்பியன்ஷிப்பில் ஆடி 8-வது இடம் பிடித்தது. நாடு விடுதலை பெற்று ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. சோவியத் அணியும் செக்கோஸ்லோவாக்கியாவும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த போட்டி. அங்கே நம் ஆட்களும் களத்தில் நின்றார்கள் என்பது இன்று வாலிபால் விளையாடும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாங்கள் கேட்டுப் பார்த்தவரை யாருக்கும் தெரியவில்லை.

ஆசிய விளையாட்டுப் போட்டியில் வாலிபால் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1958, டோக்கியோவில். ஜப்பானுக்குத் தங்கம், ஈரானுக்கு வெள்ளி, இந்தியாவுக்கு வெண்கலம். நான்கு ஆண்டுகள் கழித்து ஜகார்த்தாவில் ஒரு படி மேலே போனோம். 1962-ல் ஜப்பானுக்கு அடுத்தபடியாக வெள்ளி வாங்கினோம், பாகிஸ்தான் மூன்றாம் இடத்துக்குப் போனது. ஆசிய விளையாட்டில் ஆண்கள் வாலிபால் அணி தொட்ட உச்சம் இன்றுவரை அதுதான்.

அதே ஜகார்த்தாவில், அதே 1962-ல், சுனி கோஸ்வாமி தலைமையிலான கால்பந்து அணி தங்கம் வென்றது. அதைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. பேசட்டும், பேச வேண்டியதுதான். ஆனால் பக்கத்துக் களத்தில் வெள்ளி வாங்கிய வாலிபால் அணியின் முழுப் பட்டியலைக் கூட நம்மால் உடனே எடுத்துக் காட்ட முடிவதில்லை. அர்ஜுனா விருது 1961-ல் தொடங்கியது. அந்த முதல் ஆண்டிலேயே வாலிபாலுக்காக அதைப் பெற்றவர் ஏ. பழனிசாமி. அடுத்த ஆண்டு நிருபஜித் சிங் பேடி. இந்தப் பெயர்கள் விருதுப் பட்டியலில் ஒரு வரியாக இருக்கின்றன. அவர்கள் எந்த இடத்தில் நின்று ஆடினார்கள், எந்த ஆட்டத்தில் அணியைத் தூக்கி நிறுத்தினார்கள் என்பதைத் தேடினால் கைக்கு எதுவும் கிடைப்பதில்லை.

எழுபதுகளும் எண்பதுகளும் வந்தால் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது. அதற்கு முக்கியக் காரணம் கேரளத்துக்காரர்கள் தங்கள் வீரர்களை மறக்காமல் வைத்திருப்பதுதான். கண்ணூர் மாவட்டம் பேராவூரில் 1955-ல் பிறந்த ஜிம்மி ஜார்ஜ், 1976-ல் அர்ஜுனா விருது பெற்றார். அபுதாபியிலும் பின்பு இத்தாலியிலும் கிளப் அணிகளுக்கு ஆடினார். தொழில்முறை வாலிபால் என்றால் என்ன என்றே இங்கே பலருக்குத் தெரியாத காலம் அது. 1987 நவம்பரில் இத்தாலியில் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு 32 வயது. திருவனந்தபுரத்தில் அவர் பெயரில் உள்விளையாட்டரங்கம் இருக்கிறது. அந்த வழியாகப் போகும் சிறுவன் "யார் இவர்?" என்று கேட்பான், யாராவது பதில் சொல்வார்கள். ஒரு மாநிலம் தன் ஆட்டக்காரரை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது இப்படித்தான். தமிழ்நாட்டிலும் ஜி.இ. ஸ்ரீதரன் இருக்கிறார். ஆட்டக்காரராக 1982-ல் அர்ஜுனா, பயிற்சியாளராக 2007-ல் துரோணாச்சாரியா என்று இரண்டு விருதுகளும் பெற்றவர். அவரைப் போன்றவர்களின் அனுபவத்தை அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்திருக்க வேண்டாமா?

1986 சியோல் ஆசிய விளையாட்டு, ஜிம்மி ஜார்ஜ் ஆடிய கடைசி ஆசிய விளையாட்டு. சிரில் வள்ளூர், அப்துல் பாசித், உதயகுமார் என்று வலுவான அணி. ஜப்பானை வீழ்த்தி வெண்கலம் வாங்கினார்கள். 1958-லும் 1962-லும் நமக்கு எட்டாத உயரத்தில் இருந்த அதே ஜப்பான்! அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் ஆண்கள் வாலிபாலில் நமக்கு ஒரு பதக்கமும் வரவில்லை. 1964-ல் ஒலிம்பிக்கில் வாலிபால் சேர்க்கப்பட்டதிலிருந்து இன்றுவரை நம் அணி ஒருமுறைகூடத் தகுதி பெற்றதில்லை. இதையும் மறைக்காமல் எழுதி வைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம். வென்றதை மட்டும் எழுதினால் அது பாராட்டுப் பத்திரமாகிவிடும்.

எங்கே பின்தங்கினோம் என்பதைப் புரிந்துகொள்ள ஈரானைப் பார்த்தால் போதும். 1958-ல் நம்மோடு ஒரே மேடையில் நின்ற நாடு. 2003-ல் தாய்லாந்தில் நடந்த 19 வயதுக்குட்பட்டோருக்கான உலக சாம்பியன்ஷிப்பில் பிரேசில் தங்கம், இந்தியா வெள்ளி, ஈரான் வெண்கலம். ஆம், உலக அளவில் நம் பையன்கள் ஈரானுக்கு மேலே நின்றார்கள். அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். ஈரான் 2007-ல் அதே வயதுப் பிரிவில் உலகப் பட்டம் வென்றது. 2011-ல் முதன்முறையாக ஆசிய சாம்பியன் ஆனது. 2016-ல் ஒலிம்பிக்கில் ஆடியது. 2014, 2018, 2023 என்று தொடர்ந்து மூன்று ஆசிய விளையாட்டுத் தங்கங்களை அள்ளியது. நம் அணி 2005 ஆசிய சாம்பியன்ஷிப்பில் நான்காம் இடம் வரை வந்து, அதற்கு மேல் ஏறவில்லை. 2016 டிசம்பரில் கூட்டமைப்பின் உட்பூசலால் சர்வதேச வாலிபால் சம்மேளனம் இந்தியாவை இடைநீக்கமே செய்தது. 2003-ல் வெள்ளி வாங்கிய அந்தப் பையன்களில் எத்தனை பேர் மூத்தோர் அணிக்கு வந்தார்கள், மற்றவர்கள் எங்கே போனார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு முறையான பதிவேடு வேண்டும். பயிற்சித் திட்டம் போடுகிறவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள பாடம் வேறு இல்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

சமீபத்திய ஆட்டங்களுக்கே இந்த நிலை வந்துவிடக் கூடாது. 2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் அணி தென்கொரியாவை 3-2 என்று வென்றது. செட் கணக்கு 25-27, 29-27, 25-22, 20-25, 17-15. கொரியா 2018-ல் வெள்ளி வாங்கிய அணி. 1966 முதல் ஒவ்வொரு ஆசிய விளையாட்டிலும் பதக்கத்தோடு திரும்பிய அணி. ஐந்தாவது செட்டில் 15-ஐத் தாண்டி 17 வரை போன அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அடுத்து சீன தைபேயையும் நேர் செட்டில் வென்று காலிறுதிக்கு வந்தோம். அங்கே ஜப்பானிடமும், பிறகு ஐந்தாம் இடத்துக்கான ஆட்டத்தில் பாகிஸ்தானிடமும் தோற்று ஆறாவதாக முடித்தோம். அந்த அணியின் செட்டர்களான முத்துசாமி அப்பாவுவும் உக்கிரபாண்டியன் மோகனும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஸ்மாஷ் அடிப்பவரைக் கூட்டம் நினைவில் வைத்துக்கொள்ளும். பந்தைத் தூக்கிக் கொடுத்தவரின் பெயர் எழுதி வைத்தால்தான் நிற்கும்.

இந்தப் பதிவேட்டுக்கு நடைமுறையிலும் பெரிய தேவை இருக்கிறது. நலிந்த நிலையில் உள்ள முன்னாள் வீரர்களுக்கு ஆணையம் மாத ஓய்வூதியம் வழங்கி வருவதை நன்றியோடு குறிப்பிடுகிறோம். அதற்கு விண்ணப்பிக்கச் சான்றிதழ் வேண்டும், அது நியாயம்தான். ஆனால் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஆடியவர்களிடம் பெரும்பாலும் காகிதம் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. வெள்ளத்தில் போயிருக்கும், வீடு மாறும்போது தொலைந்திருக்கும், கரையான் அரித்திருக்கும். எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவர், தான் ஆடியதை உறுதிசெய்யச் சொல்லி ஒரு சங்கத்தை அணுகினார். அந்தக் காலத்துப் பதிவேடே தங்களிடம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அரசே சரிபார்த்த ஒரு பட்டியல் இருந்தால் அவரைப் போன்றவர்கள் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டியிருக்காது.

தொகுப்பதில் கவனிக்க வேண்டிய சிலவற்றையும் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் விவரம் தெரியாமல் செய்தால் பதிவேடு பிழையாகிவிடும். 1958, 1962 ஆசிய விளையாட்டுகளில் ஆறு பேர் ஆட்டமும் ஒன்பது பேர் ஆட்டமும் தனித்தனிப் பிரிவுகளாக நடந்தன. இரண்டையும் கலந்துவிடக் கூடாது. பழைய ஆட்டங்களில் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி, செட் 15-ல் முடியும். ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி என்ற முறையும், லிபரோ என்ற தற்காப்புக்கு மட்டுமேயான ஆட்டக்காரரும் தொண்ணூறுகளின் இறுதியில்தான் வந்தன. ஆகவே 1986-ன் ஸ்கோரையும் 2023-ன் ஸ்கோரையும் அடுத்தடுத்து அச்சிட்டால், பக்கத்திலேயே விதி மாறியதைச் சொல்லும் குறிப்பு இருக்க வேண்டும். பெயர்களிலும் கவனம் தேவை. ஆங்கில எழுத்தில் ஒரே ஆள் இரண்டு விதமாக வந்திருப்பார். தலைப்பெழுத்து ஒரே மாதிரியான இரண்டு பேர் ஒருவராகிவிட்டிருப்பார்கள்.

மூலங்களுக்குப் பஞ்சமில்லை. கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்கள் இருக்கின்றன. ரயில்வே, காவல்துறை, ராணுவ அணிகளில் ஆடியவர்களின் பணிப் பதிவேடுகள் அந்தந்தத் துறைகளில் கிடைக்கலாம். குடும்பங்களின் அலமாரிகளில் குழுப் புகைப்படங்களும் பயணக் கடிதங்களும் உறங்குகின்றன. அவற்றை மின்னாக்கம் செய்யத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் உதவியைக் கேட்கலாம். ஆனால் மூத்த வீரர்களின் நேர்காணலுக்கு மட்டும் அவகாசம் இல்லை. 1962-ல் இருபது வயது இருந்தவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது.

ஆகவே முதல் வேலையாக, உயிரோடு இருக்கும் மூத்த வீரர்களையும் பயிற்சியாளர்களையும் மாவட்ட விளையாட்டு அலுவலர்கள் மூலம் கண்டறிந்து, அவர்கள் பேசுவதை ஒலி, ஒளிப்பதிவு செய்ய உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். அதோடு சேர்த்து 1952 முதல் 1986 வரையிலான அணிப் பட்டியல்களையும் முடிவுகளையும் தொகுக்க, வாலிபால் தெரிந்த ஆட்களும் ஆவணப் பணி தெரிந்தவர்களும் அடங்கிய சிறு குழு ஒன்றை அமைக்கலாம். அதற்குப் பிந்தைய ஆண்டுகள் அடுத்த கட்டம். தொகுத்தவற்றை ஆணையத்தின் இணையதளத்தில் வெளியிட்டு, திருத்தம் சொல்லப் பொதுமக்களுக்கு வழி வைக்க வேண்டும். சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் ஒரு நிரந்தரப் படக்காட்சி வைத்தால், முதலமைச்சர் கோப்பைக்கு ஆட வரும் பிள்ளைகள் கண்ணில் படும். விளையாட்டு விடுதிகளில் வாலிபால் பயிலும் மாணவர்களுக்கு இது சிறு நூலாகப் போய்ச் சேர்ந்தால் இன்னும் நல்லது. பெண்கள் அணியின் வரலாறும் இதே அளவு பதிவு கேட்டு நிற்கிறது. அதற்குத் தனி மனு கொடுக்க இருக்கிறோம்.

எங்களிடம் உள்ள பழைய செய்தித்தாள் துணுக்குகள், போட்டி நிகழ்ச்சி நிரல்கள், குழுப் புகைப்படங்கள் ஆகியவற்றின் பட்டியலை இத்துடன் இணைத்துள்ளோம். நகலெடுக்க அசல்களையே தரத் தயாராக இருக்கிறோம். பெயர்களைச் சரிபார்க்கும் வேலைக்கு எங்களில் சிலர் ஊதியம் எதுவும் இல்லாமல் வந்து உழைப்பார்கள். மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்கள்

இணைப்பு: ஆவணப் பட்டியல், கையெழுத்துத் தாள்கள்