பழ ஈ செல்லில் இருப்பது தொற்றிய வைரஸ் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழ ஈயின் செல்லுக்குள் வைரஸ் போன்ற துகள்களைப் படம்பிடிக்கும் ஆய்வுகள் பற்றிச் செய்தி வரும்போது, வாசகர்கள் இரண்டு இடங்களில் குழம்ப நேரிடும். நம் மாவட்டத்து மா, பாகல் விவசாயிகளுக்குப் பழ ஈ என்றால் காயைத் துளைத்து முட்டையிடும் ஈதான். ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது அது அல்ல. கனிந்த மட்டி வாழைப்பழக் குலையை மொய்க்கும், சுமார் 3 மி.மீ. நீளமுள்ள டிரோசோபிலா.

துகள்களும் வெளியிலிருந்து தொற்றியவை அல்ல. ஈயின் டி.என்.ஏ.விலேயே கோபியா என்ற தாவும் மரபணு இருக்கிறது. நீளம் சுமார் 5,100 காரஇணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்). அது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும். அதிலிருந்து உருவாகும் புரதம் கூடாகச் சேர்ந்து, அந்த ஆர்.என்.ஏ.வையும் அதை டி.என்.ஏ.வாக மாற்றும் நொதியையும் உள்ளே அடைத்துக்கொள்ளும். பின்னர் புதிய பிரதி மரபணுத்தொகுதியில் வேறோர் இடத்தில் போய்ச் சேரும். வைரஸின் வெளியுறைப் புரதத்துக்கான மரபணு கோபியாவிடம் கிடையாது.

1983லேயே இத்துகள்களைச் செல்லிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆனால் செல்லை உடைத்த பிறகு, துகள் உட்கருவில் எங்கே இருந்தது, அருகில் என்ன இருந்தது என்பது போய்விடும். உடைக்காமல் உள்ளேயே பார்ப்பதுதான் கிரயோ எலக்ட்ரான் டோமோகிராபியின் சிறப்பு. உறையவைத்த மாதிரியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பல கோணங்களில் படமெடுத்து, கணினியில் முப்பரிமாண உருவமாக்கும் முறை இது.

இதில் முதல் சிக்கல் பனிக்கட்டி. நீர் மெதுவாக உறைந்தால் படிகங்கள் செல்லைக் கிழித்துவிடும். திரவ எத்தேனில் முக்கினால் சுமார் 10 மைக்ரோமீட்டர் தடிமன் வரைதான் படிகமின்றி உறையும். சூலகம் போன்ற திசுவுக்கு அது போதாது. சுமார் 2,000 பார் (வளிமண்டலத்தைப் போல ஏறத்தாழ 2,000 மடங்கு) அழுத்தத்தில் உறைய வைக்க வேண்டும். அடுத்து, காலியம் அயனிக் கற்றையால் திசுவைச் செதுக்கி 100 முதல் 200 நானோமீட்டர் தடிமனுள்ள ஏடாக்குகிறார்கள். ஏடு தடித்தால் எலக்ட்ரான்கள் சிதறிப் படம் மங்கும். மிக மெலிந்தால் துகளே பாதியாக வெட்டுப்படும். இடமாற்றும்போது ஈரக்காற்று பட்டால் மேலே உறைபனி படிந்து ஏடு வீணாகும்.

பிறகு ஏட்டை ஏறத்தாழ −60 முதல் +60 டிகிரி வரை, இரண்டு மூன்று டிகிரியாகச் சாய்த்துப் படமெடுப்பார்கள். எலக்ட்ரானே மாதிரியைச் சிதைப்பதால் ஒவ்வொரு படத்துக்கும் சொற்ப எலக்ட்ரான்களையே செலவிட முடியும். அதனால் தனிப்படம் எல்லாம் புள்ளி புள்ளியாக, தெளிவின்றி இருக்கும். ஒரே வகைத் துகள்கள் பலவற்றைக் கணினியில் பொருத்திச் சராசரி எடுத்தால்தான் கூட்டின் அமைப்பு தெளியும். அச்சில் வரும் நிறங்கள் பின்னர் சேர்க்கப்படுபவை. இதைப் படத்தின் கீழே ஒரு வரியாகக் குறிப்பிட வேண்டுகிறோம்.

கிரயோ கருவிகள் நம் கல்லூரிகளுக்கு எட்டாதவை. ஈ வளர்ப்பு எட்டும். ஈக்களின் உணவுக்கு மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், கூழை இறுக வைக்கும் அகார், பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சிறிது புரோபியோனிக் அமிலம் போதும். 25 டிகிரியில் பத்து நாளில் ஒரு தலைமுறை கிடைக்கும். சித்திரை வெயிலில் அறை 30 டிகிரியைத் தாண்டினால் ஆண் ஈக்கள் மலடாகி வளர்ப்பு நின்றுவிடும். குளிரூட்டிய பெட்டி அவசியம். அது இருந்தால், சூலகத்தை உப்புக்கரைசலில் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்கும் பயிற்சியை இளங்கலை வகுப்பிலேயே தொடங்கலாம்.

விலங்கியல் ஆசிரியர்கள்,
நாகர்கோவில்.