பெல்பாட்டத்துக்கு முட்டி பிடிக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் பழைய காலத்து உடையில் வரும் 'ரெட்ரோ டே' பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த படங்களைப் பார்த்தோம். பிள்ளைகள் ஆசையாக உடுத்தியிருக்கிறார்கள், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் பலாசோ போல இடுப்பிலிருந்தே விரிந்த பேன்ட்டையும் பெரிய கூலிங் கிளாஸையும் மாட்டிவிட்டு 'எழுபதுகள்' என்று பெயர் வைத்தால், துணி வெட்டுகிறவர்களுக்குக் கை துறுதுறுக்கிறது. கண்ணாடியும் விக்கும் எந்தக் காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். காலத்தைக் காட்டிக்கொடுப்பது பேன்ட்டின் அடிச்சுற்று, சட்டையின் காலர், ரவிக்கையின் கை, இந்த மூன்றும்தான்.

1960களில் பேன்ட் குழாய் மாதிரி இருந்தது. அடிச்சுற்று 13, 14 அங்குலம். எழுபதுகளின் நடுவில் அதுவே 24, 26 என்று விரிந்து பெல்பாட்டம் ஆனது. எண்பதுகளில் அடி மறுபடி சுருங்கி, இடுப்பில் ப்ளீட் (மடிப்பு) வந்து, தொடை லூஸாகிவிட்டது. அதனால் முதலில் பத்தாண்டை முடிவு செய்யுங்கள், பிறகு கடைக்குப் போகலாம். எழுபதுகள் என்று முடிவானால் இடுப்பில் வாக்மேன் வேண்டாம். அது ஜப்பானில் விற்பனைக்கு வந்ததே 1979 ஜூலையில். தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் கிடைத்தால் தோளில் மாட்டிக்கொள்ளலாம்.

பெல்பாட்டத்தை வாடகைக்கு எடுப்பதைவிடப் பழைய ஃபார்மல் பேன்ட்டை மாற்றிக்கொள்வது நல்லது. தொடையும் முட்டியும் உடம்போடு பிடித்திருக்க வேண்டும். முட்டிச் சுற்று 18 அங்குலத்துக்கு மேல் போனால் அடியில் எவ்வளவு விரித்தாலும் எடுபடாது. லைக்ரா கலந்த துணி வேண்டாம். இழுபடும் துணியில் இழுபடாத துண்டைச் சேர்த்தால் தையல் நெடுகச் சுருங்கும்.

அடிச்சுற்று 16 இருக்கும் பேன்ட்டை 26 ஆக்க ஒவ்வொரு காலிலும் 10 அங்குலம் கூட்ட வேண்டும். பலரும் வெளிப்பக்கத் தையலை மட்டும் பிரித்து, பத்து அங்குலத்தையும் அங்கேயே வைத்துவிடுகிறார்கள். நடக்கும்போது அது பக்கவாட்டில் விசிறி மாதிரி பறக்கும், முன்னும் பின்னும் சப்பையாகக் கிடக்கும். உள்பக்கத் தையலையும் பிரித்து இரண்டிலும் ஐந்தைந்து அங்குலம் வையுங்கள். முட்டிக்கு ஓர் அங்குலம் மேலேயிருந்து பிரிக்கலாம். ஆக, இரண்டு காலுக்கு நான்கு முக்கோணத் துண்டு. ஒவ்வொன்றுக்கும் அடியில் தையலுக்கு இருபுறமும் அரை அங்குலம் சேர்த்து 6 அங்குலம். நீளம் 19 என்றால் மேல்தையலுக்கும் அடிமடிப்புக்கும் இரண்டரை அங்குலம் கூடுதல். அரை மீட்டர் துணி போதாது, 60 செ.மீ. வாங்குங்கள். பாலியஸ்டரும் ரேயானும் கலந்த டி.ஆர். சூட்டிங்தான் நன்றாக விழும். அதே நிறம் கிடைக்காவிட்டால் ஒப்பேற்ற வேண்டாம், துணிந்து வேறு நிறமோ கோடு போட்டதோ வையுங்கள். அன்றும் அப்படிப் போட்டவர்கள் உண்டு.

துணியின் நேர்நூல் முக்கோணத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். அடியை நேர்கோடாக வெட்டினால் தையல் வரும் இடங்கள் தூக்கிக்கொள்ளும். நடுவில் ஒன்றரை நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல்) இறங்குமாறு வளைத்து வெட்டுங்கள். தைக்கும்போது இரண்டு பக்கத்தையும் உச்சியிலிருந்து கீழ்நோக்கியே ஓட்டுங்கள். கீழேயிருந்து ஏறினால் மிச்சத் துணி முழுவதும் உச்சியில் வந்து குவிந்து, முட்டியில் ஒரு முடிச்சு நிற்கும். உச்சிக்கு உள்ளே சிறு கேன்வாஸ் துண்டு வைத்தால் கிழியாது. பக்கங்கள் நேர்நூலுக்குச் சாய்வாக இருப்பதால் கொஞ்சம் இறங்கும். ஓர் இரவு தொங்கவிட்டு அதன்பிறகு அடி மடியுங்கள்.

உயரத்தை வெறுங்காலில் அளக்காதீர்கள். விழாவுக்குப் போடும் ஹீல் ஷூவோடு நின்று, பின்பக்கம் தரைக்கு அரை அங்குலம் மேலே நிறுத்த வேண்டும். அந்தக் காலத்தில் குதிகால் பக்கம் மடிப்பின் ஓரத்தில் உலோக ஜிப்பின் ஒரு பாதியை வைத்துத் தைப்பார்கள். தேய்வது பல்லாக இருக்கும், துணி தப்பிக்கும். ஏழு அங்குல ஜிப் ஒன்றைப் பிரித்தால் இரண்டு காலுக்கும் ஆகும். மண்டபத்தில் பளிங்குத் தரை என்றால் பிளாஸ்டிக் ஜிப் போதும். கீறல் விழுந்தால் யார் பதில் சொல்வது?

எழுபதுகளின் சட்டையில் வரும் நாய்க்காது காலருக்கு முனை நீளம் நாலு, நாலரை அங்குலம். ஒரு முழுக்கைச் சட்டையை அரைக்கையாக்கினால் வெட்டிய இரண்டு கைத் துணியிலேயே காலர் வந்துவிடும். நடுப்பிடரியில் ஓர் ஒட்டு விழும். ஸ்டெப் கட்டிங் முடி அதை மறைத்துக்கொள்ளும். உள்ளே கெட்டியான கேன்வாஸ் வைத்து ஒட்டாவிட்டால் அரை மணி நேரத்தில் முனை சுருண்டு மேலே பார்க்கும். முதுகில் இரண்டு டக் (உள்மடிப்புத் தையல்) பிடித்து உடம்பை இறுக்குங்கள். தொளதொள சட்டைக்கு இந்தக் காலர் சேராது.

பெண்கள் உடையில் அடிக்கடி நடக்கும் குழப்பம் பஃப் கை. அது ஐம்பதுகளிலும் உண்டு, எண்பதுகளிலும் உண்டு. எழுபதுகளுக்குப் பெரும்பாலும் முழங்கை வரை பிடித்த கைதான். மேலே பூப்போட்ட வாயில் (மெல்லிய பருத்தி) சேலையோ நைலக்ஸ் (நைலான்) சேலையோ கட்டலாம். எண்பதுகள்தான் வேண்டும் என்றால் கைத் துணியின் அகலத்தில் 5 அங்குலமும் மேல் உயரத்தில் ஒன்றரை அங்குலமும் கூட்டி வெட்டுங்கள். சுருக்கம் தோளின் உச்சியில் ஆறு அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். அக்குள் வரை பரப்பினால் கை தூக்க முடியாது. உள்ளே விறைப்பான நெட் துண்டு ஒன்று வைக்காவிட்டால் ஒருமுறை நாற்காலியில் சாய்ந்து எழுந்ததுமே பஃப் படுத்துவிடும்.

அம்மாவின் பீரோவிலிருந்து நிஜமான பழைய சேலை எடுப்பவர்கள் நைலக்ஸ் மேல் சூடான இஸ்திரியை வைக்க வேண்டாம். குறைந்த சூட்டில், மேலே பருத்தித் துணி விரித்துத் தேயுங்கள். பழைய பட்டில் மடிப்பு விழுந்த இடத்தில் பின் குத்தக் கூடாது, அங்கேதான் இழை முதலில் விட்டுப்போகும். பழைய ரவிக்கையில் துணி திடமாகவே இருந்தாலும் நூல் இற்றிருக்கும். போடுமுன் பக்கத் தையல்களின் மேல் இன்னொரு தையல் ஓட்டிவிடுங்கள்.

விக் பளபளத்தால் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி உதறுங்கள். கிருதாவை ஒட்ட, நாடக மேக்கப் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் கம் என்ற பசையை வாங்குங்கள். முந்தின நாளே முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டு வைத்து, அரிப்பு வருகிறதா என்று பாருங்கள். செருப்பு ஒட்டும் பசையையோ உடனடியாக ஒட்டும் பசையையோ முகத்தில் வைத்தால் கிருதாவோடு தோலும் வரும்.

தையற்கடைக்காரர்கள் இருவர்,
திண்டுக்கல்.