ஓவியக்கூடத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இரண்டு மழைக்காலமாக மூடிக் கிடந்த நம் ஓவியக்கூடத்தில் வேலை முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கை முகப்பில் ஒட்டியிருக்கிறோம். அதைப் பார்த்துவிட்டு, "படத்துக்கு ஆனதைவிடச் சுவருக்கு அல்லவா அதிகம் போயிருக்கிறது?" என்று பலர் கேட்டீர்கள். ஆமாம், போயிருக்கிறது.

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளைப் போல நம் கட்டடமும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரம் குடித்தாலும் வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். முன்பொரு முறை விரிசலை அடைக்கிறோம் என்று மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் சிமெண்ட் பூசினோம். அதைச் செய்ததும் இதே குழுதான். போக வழியில்லாத ஈரம் உள்ளே திரும்பி, படங்களின் முதுகில் ஏறிவிட்டது.

தஞ்சாவூர்ப் படத்துக்கு முதுகுதான் உயிர். பலகை, அதன்மேல் துணி, அதன்மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த மக்கு, எல்லாவற்றுக்கும் மேலே தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு. பலகை ஊதிச் சுருங்கினால் மக்கு வெடிக்கும், ரேக்கும் கூடவே பெயரும். பட்டாபிஷேகப் படத்தில் ராமர் கிரீடம் அப்படித்தான் உதிர்ந்தது. சிமெண்டைக் கொத்தி எடுத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பைப் பூசினோம். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகுதான் அடுத்தது, தாமதம் அதனால்தான்.

உதிர்ந்த இடத்தில் புது ரேக்கு ஒட்டச் சொன்னவர்களும் உண்டு. ஒட்டவில்லை. பளபளப்பு வரும், சரி, ஆனால் வரைந்தவர் கைவேலை அடியில் போய்விடும். எழும்பி நின்ற மக்கை மட்டும் படியவைத்தோம்.

அப்புறம் ரவிவர்மா அச்சுப் படங்கள். 1894இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகத்தின் படங்களை வாங்கி, லட்சுமியின் சேலைக்கு ஜரிகையும் சம்கியும் ஒட்டி அழகு பார்த்தவர்கள் நம் ஊர்ப்பக்கத்தார். கண்ணாடி தாளோடு ஒட்டிக் கிடந்ததால் இப்போது இடைவெளி விட்டுச் சட்டம் போட்டிருக்கிறோம். ராமபாணப் பூச்சி தின்ற மூலைக்குப் பின்புறம் ஜப்பானியத் தாள் என்னும் மெல்லிய, உறுதியான தாளை மாவுப்பசையால் ஒட்டியதோடு சரி.

தாள் படங்கள் இருக்கும் அறை இருட்டாகத் தெரியும். அங்கே 50 லக்ஸ் வெளிச்சம்தான். கூடினால் சாயம் வெளுக்கும்.

வெள்ளிக்கிழமை படத்துக்கு முன் விளக்கேற்றும் ஆச்சிமார் கோபிக்கக் கூடாது. எண்ணெய்ப் புகை ரேக்கில் படிகிறது. முகப்பில் ஒரு மாடம் கட்டி வைத்திருக்கிறோம், இனி விளக்கை அங்கே ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு