கட்டக் குறிகள் மீது பழி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கக் கேள்வி பதிலில், அட்டவணையில் கோடு வர வேண்டிய இடத்தில் புரியாத எழுத்துகள் தோன்றுவதற்குக் கட்டம் வரையும் குறிகளே காரணம் என்றும், அவற்றை விட்டுவிட்டுக் கூட்டல், கழித்தல் குறிகளைக் கொண்டே கோடு போட்டுக்கொள்வது நல்லது என்றும் கூறப்பட்டிருந்தது. இந்தப் பழி உரிய இடத்தில் விழவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

─, │, ┌, ┘ போன்றவை படங்கள் அல்ல. அ, ஆ போலவே தனித்தனி எண் பெற்ற எழுத்துகள். 1981இல் வெளிவந்த ஐபிஎம் கணினியின் கோட் பேஜ் 437 என்ற எழுத்து எண் பட்டியலில், 179 முதல் 218 வரையிலான 40 எண்கள் ஒற்றைக் கோடுகளுக்கும் இரட்டைக் கோடுகளுக்கும் அவற்றின் மூலைகள், சந்திப்புகளுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த ஒதுக்கீட்டில் இருந்த அக்கறை இன்றும் வியக்க வைக்கிறது. அக்கணினியின் ஒருவண்ணத் திரையில் ஓர் எழுத்தின் வடிவம் 8 புள்ளி அகலம். அது அமரும் அறையோ 9 புள்ளி. மற்ற எழுத்துகளுக்கு ஒன்பதாவது புள்ளி வெறுமையாக விடப்பட்டு எழுத்திடைவெளி ஆகிவிடும். 192 முதல் 223 வரையிலான எண்களுக்கு மட்டும் எட்டாவது புள்ளியில் உள்ளதே ஒன்பதாவதிலும் மீண்டும் இடப்படும். இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் கிடைக்கோடுகள் எல்லாம் அறைக்கு அறை அறுந்து தெரிந்திருக்கும். வலப்புறம் நீளத் தேவையில்லாத │, ┤, ┐ ஆகியவை 192க்கு முன்பே நிறுத்தப்பட்டிருப்பதையும் கவனிக்கலாம்.

சிக்கல் வேறு இடத்தில் தொடங்கியது. அக்கணினியை இயக்கிய டாஸ் மென்பொருளில் ─ குறிக்கு உரிய 196 என்ற எண், விண்டோஸின் கோட் பேஜ் 1252இல் தலையில் இரு புள்ளி வைத்த பெரிய ஏ எழுத்துக்கு உரியது. ஆகவே டாஸ் கோப்பை விண்டோஸில் திறந்தவர்கள் கோட்டுக்குப் பதிலாக அந்த எழுத்தின் நீண்ட வரிசையைக் கண்டார்கள். (1978இல் வந்த விடி100 முனையத்தின், அதாவது பெரிய கணினியோடு இணைக்கும் திரைக் கருவியின், வழி வேறு: கட்டளை ஒன்றை அனுப்பியதும் சிறிய க்யூ எழுத்தே கிடைக்கோடாகவும் எக்ஸ் எழுத்தே செங்குத்துக் கோடாகவும் மாறிவிடும், கட்டளை தவறிப்போனால் திரை முழுவதும் க்யூ மயம்தான்.) எல்லா மொழி எழுத்துகளுக்கும் ஒரே பொது எண் பட்டியலான யூனிகோட் இந்த எண் மோதலுக்கு முடிவு கட்டியது. பதினாறை அடியாகக் கொண்ட எண் முறையில் 2500 முதல் 257எஃப் வரை 128 இடங்கள் இக்குறிகளுக்கென்றே அதில் உள்ளன.

இன்று கேடு நேர்வது பெரும்பாலும் படிக்கும் முறையில்தான். யூனிகோட் எண்களைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ─ குறி 226, 148, 128 என்ற மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. திறக்கும் மென்பொருள் அதைக் கோட் பேஜ் 1252 என்று எண்ணிக்கொண்டால், தொப்பி போட்ட சிறிய ஏ, ஒரு மேற்கோள் குறி, ஒரு யூரோ குறி என ஒரு கோட்டுக்கு மூன்று எழுத்துகள் முளைக்கும். கோப்பைத் தருபவர் அது யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுவதும், பெறுபவர் அப்படியே திறப்பதுமே இதற்கு மருந்து. குறியை மட்டும் மாற்றினால் நோய் உள்ளேயே இருக்கும். அதே கோப்பில் உள்ள தமிழ் எழுத்துகளும் இப்படியே சிதையும்.

இக்குறிகள் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. வலைப்பக்கத்தில் அட்டவணை வேண்டுமென்றால் அதற்குரிய எச்டிஎம்எல் குறியீடுகளையே பயன்படுத்த வேண்டும். திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பார்வையற்றவருக்கு, ஒவ்வொரு கோட்டுத் துண்டின் பெயரையும் கேட்க நேர்வது பெருந்தொல்லை. தமிழ் அட்டவணைகளில் இன்னொரு இடரும் உண்டு. 'கொ' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, யூனிகோடுக்கு இரண்டு எண்கள். எண்களை எண்ணி அகலத்தைக் கணக்கிடும் நிரல், வலப்புறக் கோட்டை வரிக்கு வரி இடம் மாற்றி வைக்கும். அங்கே │ இருந்த இடத்தில் கூட்டல் குறியை வைத்தாலும் கோடு நேராகாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்