உத்திரமேரூரில் ஏரி வாரியமும் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் நாளிதழ்களில் உத்திரமேரூர் வந்துவிடுகிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஆள் தேர்ந்த குடவோலை முறையைச் சொன்னதும் கட்டுரையும் முடிந்துவிடுகிறது. ஓலை எடுத்துத் தேர்ந்தவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தின் இந்தச் சிற்றூர் அன்றும் இன்றும் ஏரியை நம்பி நெல் விளைவிக்கிற ஊர். அதை விட்டுவிட்டால் கல்வெட்டில் பாதிதான் கிடைக்கும்.

பல்லவன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், பிரமதேயமாக, அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகத் தந்த ஊராக, எழுந்தது இது. ஏரிக்குக் கல்வெட்டில் வயிரமேக தடாகம் என்று பெயர். ஊர்ச் சபையிடம் பொன்னோ நெல்லோ முதலாக வைத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஏரியில் குழி எடுத்து மண்ணைக் கரையில் போட வேண்டும் என்ற கொடைகள் பல்லவர் காலத்திலேயே இருக்கின்றன. வைத்த முதலில் கை வைக்காமல் பராமரிப்புச் செலவைப் பார்த்த ஏற்பாடு அது.

சோழன் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. ஊரின் 30 குடும்பிலிருந்து (குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றது) 30 பேர். அவர்களில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். ஓலை எடுக்கும் முறையில் இருந்த கவனத்தைப் பாருங்கள்: உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் ஓலையை எடுத்துக் கொடுக்க, நடுவராக இருக்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் வாங்கி வாசிக்க, அங்கிருக்கும் நம்பிமார் (கோயில் பூசகர்கள்) எல்லோரும் அதையே வாசிக்க வேண்டும். கையில் வேறு ஓலையை மறைக்க வழியில்லை. இதைவிடக் கடுமையானது கணக்கு விதி. முன்பு வாரியத்தில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய மாமன், மாமனார், மருமகன், சிற்றன்னை மக்கள் வரை யார் பெயரையும் குடத்தில் போடக்கூடாது.

இதை ‘மக்களாட்சி’ என்று எழுதும்போது ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். வரி செலுத்தும் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உள்ள, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கே அதில் இடம். ஏரியில் மண் சுமந்தவர்களுக்கு ஓலை இல்லை.

இன்று ஏரியில் வண்டல் எடுத்து வயலில் போட வட்டாட்சியர் அனுமதி தருகிறார். அரசு விதிப்படி நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி என்றால் நஞ்சைக்குச் சுமார் 26 யூனிட். ஒரு ஏக்கரில் பரப்பினால் முக்கால் அங்குல கனம் வரும். ஒரு உழவில் மண்ணோடு கலந்துவிடும். அளவு சரிதான், எடுக்கும் விதத்தில்தான் கோளாறு. லாரி வருவதற்குத் தோதான ஓரிடத்திலேயே பொக்லைன் ஆழமாகத் தோண்டுகிறது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே போன பள்ளத்தில் நிற்கும் நீர் வாய்க்காலுக்கு ஏறாது. களிமண் அடுக்கை உடைத்து மணலைத் தொட்டுவிட்டால் நீர் கீழே இறங்கிவிடும். கரையை ஒட்டித் தோண்டினால் கரையின் அடி பலவீனமாகி, ஏரி நிறையும்போது சரியும். வண்டலை ஏரி முழுக்க மேலாகச் சுரண்டி எடுப்பதே முறை.

ஆகவே அடுத்த முறை உத்திரமேரூரைப் பற்றி எழுதும்போது ஏரி வாரியத்துக்கும் நான்கு வரி கொடுங்கள். மண் எடுக்கும் முன்னும் பின்னும் ஏரியின் மட்டத்தை அளந்து, எத்தனை கன மீட்டர், எந்தப் பகுதியில், யாருக்கு என்று பேரூராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்கும்படி நீர்வளத் துறையிடம் உங்கள் செய்தியாளர்கள் கேட்க வேண்டும் என்றும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உத்திரமேரூர் வட்டம்