எல்லாரும் கண்ணைத் திறந்த படம் எங்கே?

அன்புள்ள நண்பா,

நாம் கூடியபோது எடுத்த குரூப் படங்களும், அவற்றிலிருந்து எல்லாரும் நன்றாக இருக்கும் ஒரே படத்தைச் செய்து தரச் சொன்ன உன் கடிதமும் வந்து சேர்ந்தன. ஒரே இடத்தில் நின்று அடுத்தடுத்து எடுத்ததை ஒன்றுகூட அழிக்காமல் அப்படியே அனுப்பினாய் பார், அதற்கே உனக்கு ஒரு கும்பிடு. வழக்கமாக என்ன நடக்கும் என்றால், "இதுதான் நல்லா வந்திருக்கு" என்று ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிடுவார்கள், அப்புறம் அதில் கண் மூடியிருக்கும் ஆளுக்குக் கண்ணைத் திறந்து கொடு என்று வந்து நிற்பார்கள். இல்லாத கண்ணை நான் எங்கே போய்த் தேடுவது?

இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் பரவாயில்லை, படி இறங்கும்போது மட்டும் ஞாபகப்படுத்துகிறது. கண்ணாடியின் பவர் கூடிவிட்டதால் முன்பு கண்ணுக்கு எட்டிய வேலைக்கு இப்போது திரையை இரண்டு மடங்கு பெரிதாக்க வேண்டியிருக்கிறது. மகள் வேலை மாறிவிட்டாள், முன்னைவிட அதிகம் சிரிக்கிறாள். உன் பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டானா?

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். இத்தனை படத்தில் ஒன்றில்கூட எல்லாரும் உருப்படியாக இல்லையே, நாம் அவ்வளவு மோசமா என்று புலம்பியிருந்தாய். அப்படியெல்லாம் இல்லை, இதைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தில் நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் என்று இரண்டு பேர், ஒரு குழுவில் யாரும் கண் மூடாத படம் கிடைக்க எத்தனை முறை எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டு 2006இல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு வாங்கினார்கள், முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தருவது அது. 20 பேருக்குக் கீழே என்றால், நல்ல வெளிச்சத்தில் தலைகளின் எண்ணிக்கையை 3ஆல் வகு, மங்கலான வெளிச்சத்தில் 2ஆல் வகு, அத்தனை படம் எடு. மங்கலில் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும் இல்லையா, யாருடைய இமையாவது அதற்குள் விழுந்துவிடுகிறது. நாம் 18 பேர், நின்றதோ மாலை நேரத்து நிழலில், ஆக 9 படமாவது வேண்டும், உன்னிடம் இருப்பது அதைவிடக் குறைவு. 50 பேர் சேர்ந்துவிட்டால் நல்ல வெளிச்சத்திலும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான் என்பது அவர்கள் முடிவு, அதனால் பள்ளிக்கூட ஆண்டுவிழாப் படம் எடுப்பவர்களைத் திட்டுவதை நிறுத்திவிடு.

நான் செய்யப் போவது இதுதான். அதிகம் பேர் நன்றாக இருக்கும் படத்தை அடிப்படையாக எடுத்துக்கொள்வேன், உன் கோப்பில் மூன்றாவது. கம்ப்யூட்டரில் அதன்மேல் மற்றதை லேயராக, அதாவது அடுக்கடுக்காகப் போட்டு, ஒன்றோடு ஒன்று பொருந்தும்படி நகர்த்தி, மாஸ்க் என்ற திரையைப் போட்டு மறைத்துவிட்டு, தேவையான தலையை மட்டும் பிரஷ்ஷால் வெளியே கொண்டுவருவேன். கேட்க சுலபமாக இருக்கும். ஆனால் கண்ணை மட்டும் வெட்டி ஒட்டினால் மாட்டிக்கொள்வோம். மனுஷன் உண்மையாகச் சிரிக்கும்போது கன்னம் மேலே ஏறுகிறது, கீழ் இமை மடிகிறது, கண் கொஞ்சம் சுருங்குகிறது. சிரிக்காத படத்திலிருந்து அகலமாகத் திறந்த கண்ணை எடுத்துச் சிரிக்கும் வாயின்மேல் வைத்தால், பார்க்கிறவனுக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பயமாக இருக்கும். அதனால் எப்போதும் முழுத் தலையை எடுப்பேன். ஒட்டு எங்கே விழ வேண்டும் என்றால் சட்டைக் காலரில், ஏனென்றால் அங்கே ஏற்கனவே ஒரு கோடு இருக்கிறது, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நடுக்கழுத்தில் விழுந்தால் தோலின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும், கடைசி இரண்டு படத்தில் மேகம் வேறு நகர்ந்து வெளிச்சம் கொஞ்சம் நீலமாகிவிட்டது, அதைக் கர்வ்ஸ் என்ற நிறம் திருத்தும் கருவியில் சரிசெய்த பிறகுதான் அந்தத் தலைகளைத் தொடவே முடியும். மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும், பாதித் தவறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

இரண்டு ஓரத்திலும் நிற்கிறவர்கள் தாங்கள் குண்டாகிவிட்டதாகக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிடு. வைட் ஆங்கிளில் கிட்டே நின்று எடுத்தால் ஓரத்து முகங்கள் பக்கவாட்டில் இழுபடும், அது லென்ஸின் குணம். கொஞ்சம் நேராக்கலாம். அடுத்த தடவை போனில் 2எக்ஸ் ஜூமை அழுத்திவிட்டுப் பத்தடி பின்னால் போய் எடுக்கச் சொல்.

முகத்தில் கை வைக்கும் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பரு போகலாம், மச்சம் இருக்க வேண்டும். அடுத்த வாரம் தானாகப் போய்விடும் எதையும் நான் எடுத்துவிடுவேன், மற்றபடி அது அவர்கள் முகம். கண்ணுக்குக் கீழே கருமையைப் பாதி குறைப்பேன், முழுசாக எடுத்தால் மெழுகு பொம்மைதான். முக்கியமானது, ஒருவருக்குச் செய்தால் எல்லாருக்கும் அதே அளவு. தனிப் படத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வழவழப்பாக்கு, குரூப்பில் ஒருவர் தோலை மட்டும் வழித்தெடுத்தால் அவர் இளமையாவதில்லை, பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் பத்து வயசு கூடும். தனியாக மெசேஜ் போட்டு "எனக்கு மட்டும் கொஞ்சம்" என்று கேட்ட அந்தப் புண்ணியவான் யார் என்று உனக்கே தெரியும்.

ஆப்பில் போட்டு ஒரே தட்டில் தெளிவாக்கலாமே என்கிறாய். இதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே. 2023இல் கூகுள் பிக்சல் 8 போனில் பெஸ்ட் டேக் என்று ஒன்று வந்தது, அடுத்தடுத்து எடுத்த படங்களிலிருந்து ஒவ்வொருவருக்கும் நல்ல முகத்தைப் பொறுக்கி வைக்கும். நான் மாஸ்க் போட்டுச் செய்வதும் அதேதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த முகம் அந்தச் சாயங்காலத்தில் அங்கே இருந்தது. மங்கல் முகத்தைத் தெளிவாக்கித் தருகிற வகை வேறு. நம் பின்வரிசையில் ஒரு முகம் என்பது சில பத்துப் பிக்சல்தான், அதற்குள் இல்லாத இமை முடியையும் பல்லையும் அது எங்கிருந்து கொண்டுவரும்? தான் பழகிய ஆயிரக்கணக்கான வேறு முகங்களிலிருந்துதான். ஆசைக்கு ஒரு முறை போட்டுப் பார்த்தேன், நம் கடைசி பெஞ்ச் ஆள் தன்னுடைய சித்தப்பா பையன்போல வந்து நின்றான். ரொம்ப அழகாக இருந்தான், ஆனால் அவன் இல்லை.

வர முடியாமல் போனவனை நடுவில் சேர்த்துவிடு என்று கேட்டது யோசிக்க வைத்தது. புதுசு ஒன்றும் இல்லை, 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஜெனரல் ஷெர்மனும் அவருடைய தளபதிகளும் இருக்கும் படத்தில், அன்று வராத ஜெனரல் பிளேரைப் புகைப்படக்காரர் மேத்யூ பிரேடியின் ஸ்டுடியோ பிறகு சேர்த்தது. கனடாவின் மான்ட்ரியலில் வில்லியம் நாட்மன் என்ற புகைப்படக்காரர் 1870இல் ஒரு ஸ்கேட்டிங் விழாவையே அப்படிச் செய்தார், நூற்றுக்கணக்கானவர்களைத் தனித்தனியாக ஸ்டுடியோவில் எடுத்து, வெட்டி ஒட்டி, ஒரே கூட்டமாக்கினார். கையால் வெட்டியது, நினைத்தாலே கை வலிக்கிறது. ஆனாலும் நம் படத்தில் அவனை ஒருவர் தோளில் கை போட்டு நிற்கவைக்க எனக்கு மனசு வரவில்லை, பத்து வருஷம் கழித்து அவனே "நான் வந்திருந்தேனா?" என்று குழம்புவான். பழைய ஸ்டுடியோக்காரர்கள் வராதவர் படத்தை மேல் மூலையில் ஒரு வட்டத்துக்குள் வைப்பார்களே, அதைச் செய்யலாம். வரவில்லை என்பதும் தெரியும், விட்டுவிடவில்லை என்பதும் தெரியும்.

இன்னொருத்தரை எடுத்துவிடச் சொன்னார்களாமே, அது மட்டும் நடக்காது. மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலின் பக்கத்தில் நடந்து வந்த அவருடைய ரகசியப் போலீஸ் தலைவன் யெஷோவை, 1940இல் சுட்டுக் கொன்ற பிறகு படத்திலிருந்தும் அழித்தார்கள், அவன் நின்ற இடத்தில் இப்போது தண்ணீர் ஓடுகிறது. நம் ஆள் கொடுக்கல் வாங்கலில்தானே சண்டை போட்டான்? அது படத்தின் வேலை இல்லை, நீங்கள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் போகும் பைக்கையும் தலைக்கு மேல் முளைத்த கம்பத்தையும் வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன்.

வராதவனிடம் ஒரு படம் கேட்டு வாங்கு, வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல். பிரிண்ட் எவ்வளவு பெரிசாக வேண்டும் என்றும் எழுது. உன் போன் படம் 12 மெகாபிக்சல், 300 டிபிஐ, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 13க்கு 10 இன்ச் வரை கவலையில்லை, சுவரில் மாட்டத் தூரத்திலிருந்து பார்ப்பது என்றால் இன்னும் பெரிதாக்கலாம். நீ பதில் போட்டதும் ஆரம்பிக்கிறேன், பேரன் படமும் ஒன்று சேர்த்து அனுப்பு.

உன்
பழைய நண்பன்