சிகரெட் வாங்கப் போன ராபின்சன்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே மைனஸ் 12 என்று போனில் காட்டுகிறது. காதை மூடிக்கொண்டு போ. கல்யாணப் பத்திரிகை அடித்து வந்துவிட்டது. உன் பெயரைத் தம்பியே பிழை பார்த்தான். தேதி உனக்குத் தெரியும்.

உன் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். வரலாற்று விளக்கத்துக்கும் அறிவியலைப் போலப் பொதுவிதிகள் வேண்டும் என்று தத்துவவாதி ஹெம்பல் 1942இல் சொன்னதை இவ்வளவு தெளிவாக நான் வகுப்பில் நடத்தியதில்லை. அவர் தந்த உதாரணம்: ராத்திரி தெருவில் நின்ற கார், ரேடியேட்டரில் விளிம்புவரை தண்ணீர், இறுக்கிய மூடி, உறைபனி. தண்ணீர் உறைந்தால் விரியும் என்று தெரிந்தவனுக்கு ரேடியேட்டர் ஏன் வெடித்தது என்பது புதிரே இல்லை. வறட்சியிலும் புழுதிப் புயலிலும் நொந்த விவசாயிகள் கலிஃபோர்னியாவுக்குப் பெயர்ந்ததும் அவருக்கு அதே கணக்குதான். பிசிக்ஸ் படித்தவளுக்கு அது பிடிக்காமல் இருக்குமா? ஆனால் அவரை மறுத்த தத்துவவாதி டிரேயை இரண்டே வரியில் தள்ளிவிட்டாயே! ஒன்றைச் செய்த ஆளுக்கு அந்த நேரத்தில் அது ஏன் சரியென்று பட்டது என்றல்லவா அவர் 1957இல் கேட்டார்? உனக்கு எப்போதும் அவசரம்.

வரலாற்றாசிரியர் ஈ.எச். கார் சொன்ன ராபின்சன் கதையும் உன் கட்டுரையில் வருகிறது. குடித்திருந்த டிரைவர், பழுதான பிரேக், எதிரே வருவது தெரியாத முனை. சிகரெட் வாங்க ரோட்டைக் கடந்த ராபின்சன் அடிபட்டுச் சாகிறார். முதல் மூன்றும் காரணம், திருத்தினால் நாளைக்கு இன்னொருவர் பிழைப்பார். சிகரெட் காரணமாகாது என்பது ஈ.எச். காரின் வாதம். அந்தப் பத்தியில் மட்டும் நீ சொந்தமாக ஒரு வரிகூட எழுதவில்லை. கவனித்தேன்.

நானும் 30 வருஷம் அந்த இடம் வந்தால் சாக்பீஸை வைத்துவிட்டு வேறு உதாரணத்துக்குப் போய்விடுவேன்.

தம்பியை அன்றைக்குக் கடைக்கு அனுப்பியது நான். "ஒரு பாக்கெட், மீதிக்கு மிட்டாய் வாங்கிக்கோ" என்று சொன்னேன். நீ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். உன்னை நான் கூப்பிடவே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா கேட்டபோது, "இவளைத்தான் போகச் சொன்னேன், மாட்டேன்னுட்டா" என்று வாய் கூசாமல் சொன்னேன். நீ தூணோரம் நின்று என்னையே பார்த்தாய். 11 வயது. டிரே கேட்டால், அம்மா முகத்தைப் பார்க்கப் பயம் என்பேன்.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இன்னும் பேசவில்லை; காபியை மட்டும் டக்கென்று வைத்துவிட்டுப் போகிறாள். தம்பி காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டான். "அக்காவுக்கு எழுதுங்கப்பா" என்றான்.

தை பிறந்தால் டிக்கெட் விலை ஏறுமாம். காது, மறக்காதே.

அப்பா